பாடம் சொல்லப் போன பிள்ளைகள்

 

இன்றைய பேச்சு ஒரு தூர தேசத்தைப் பற்றியது. ஊர் தூரம். ஆனால் சேதி பக்கத்தில் இருக்கிறது. கேட்டு முடித்ததும் அது உங்களுக்கே தெரியும்.

அந்த நாட்டின் பெயர் எத்தியோப்பியா. ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியில் இருக்கிறது. மலையும் மேட்டுநிலமும் நிறைந்த நாடு. தலைநகரின் பெயர் அடிஸ் அபாபா. 'புதிய பூ' என்று அதற்குப் பொருள். காலையில் நீங்கள் குடிக்கும் காப்பி இருக்கிறதே, அந்தச் செடி முதலில் தோன்றிய நாடு இதுதான்.

அங்கும் உழவர்கள்தான் அதிகம். மாடு பூட்டி ஏர் உழுவார்கள். தெஃப் என்று ஒரு தானியம் விளைகிறது. கேழ்வரகைவிடப் பொடியானது. அதை மாவாக்கிக் கரைத்துப் புளிக்க வைப்பார்கள். பெரிய தோசை போலச் சுடுவார்கள். அதற்கு இஞ்செரா என்று பெயர். ஒரே தட்டில் வைத்து, வீட்டார் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, பிட்டுச் சாப்பிடுவார்கள்.

அந்த நாட்டுக்குச் சொந்த எழுத்தும் உண்டு. மிகப் பழைய எழுத்து. அம்ஹாரிக் மொழியை அந்த எழுத்தில்தான் எழுதுகிறார்கள். அடிப்படை எழுத்து 33. ஒவ்வொன்றுக்கும் 7 வடிவம். ல, லு, லி, லா, லே, ல், லோ என்று வரிசையாகச் சொல்லிப் படிப்பார்கள். 33-ஐ 7-ஆல் பெருக்குங்கள். 231 வருகிறதா? அத்தனை எழுத்து. தமிழில் 247. எழுத்துக் கற்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கும் அதே பாடுதான்.

எழுத்து பழையது. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. 1974-ஆம் ஆண்டில்கூட, 100 பேரில் 90 பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். கிராமங்களில் பள்ளிக்கூடமே அரிது.

அந்தக் கிராமங்களுக்கு, பாடம் சொல்லப் பல்கலைக்கழக மாணவர்கள் போனார்கள். அவர்கள் கதைதான் இது.

ஒரு வருடம் ஊர்ப்பக்கம்

அப்போது எத்தியோப்பியாவை ஒரு மன்னர் ஆண்டார். அவர் பெயர் ஹைலே செலாசி. தலைநகரில் அவர் பெயரிலேயே ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. இன்று அதன் பெயர் அடிஸ் அபாபா பல்கலைக்கழகம்.

நாட்டில் ஆசிரியர்கள் போதவில்லை. வெளிநாட்டு ஆசிரியர்களை வரவழைத்தார்கள். இந்தியாவிலிருந்தும் போனார்கள். கேரளத்து ஆசிரியர்கள் பலர் அங்கே பாடம் நடத்தினார்கள். அப்போதும் போதவில்லை.

1964-ல் பல்கலைக்கழகம் ஒரு விதி செய்தது. மூன்று வருடம் படித்த மாணவர்கள் ஒரு வருடம் வெளியூர்களில் வேலை செய்ய வேண்டும். அந்த வேலையை முடித்தால்தான் பட்டம். ஆண், பெண் எல்லோருக்கும் ஒரே விதி. பெரும்பாலோர் சிற்றூர்ப் பள்ளிகளில் ஆசிரியர் ஆனார்கள். செலவுக்கு ஒரு சிறு தொகை கொடுத்தார்கள்.

சிலர் முணுமுணுத்தார்கள். "படிப்பு ஒரு வருடம் தள்ளிப் போகிறதே" என்றார்கள். சிலர் விருப்பத்தோடு போனார்கள். முணுமுணுத்தவரும் போனார், விரும்பியவரும் போனார்.

போன இடத்தில் என்ன கண்டார்கள்? அடிஸ் அபாபாவில் மின்விளக்கு உண்டு. தார்ச்சாலை உண்டு. மருத்துவமனை உண்டு. கொஞ்ச தூரம் தள்ளிப் போனால் ஒன்றும் இல்லை. தண்ணீருக்கு நடை. விறகுக்கு நடை. சந்தைக்கு நடை. பெண்கள் முதுகில் குடத்தைக் கட்டிக்கொண்டு மலை ஏறினார்கள். தங்கள் சொந்த நாடு எப்படி இருக்கிறது என்பதைப் பல மாணவர்கள் அப்போதுதான் முதல்முறை பார்த்தார்கள்.

முதல் பாடம் யாருக்கு?

ஒரு காட்சியை மனதில் வரைந்து பாருங்கள். ஒரு மாணவர். வயது இருபதுக்குள் இருக்கலாம். தலைநகரில் வளர்ந்தவர். தெற்கே ஒரு கிராமத்துக்கு வருகிறார். கையில் பெட்டி. பெட்டி நிறையப் புத்தகம்.

வழியெல்லாம் வாழைத்தோப்பு போலத் தெரிகிறது. 'பரவாயில்லை, பழத்துக்குப் பஞ்சம் இல்லை' என்று நினைத்துக்கொள்கிறார். ஆனால் ஒரு மரத்திலும் தார் இல்லை. ஒரு பாட்டியிடம் கேட்கிறார். பாட்டி சிரிக்கிறார். அது வாழை இல்லை. அதன் பெயர் என்செட். பார்க்க வாழை மாதிரியே இருக்கும். அதில் பழம் தின்பதில்லை. தண்டையும் கிழங்கையும் சுரண்டி எடுக்க வேண்டும். குழியில் புதைத்துப் புளிக்க வைக்க வேண்டும். பிறகு ரொட்டி சுட வேண்டும். தென்பகுதியில் லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அதுதான் சோறு. மழை பொய்த்தாலும் கைகொடுக்கும் பயிர் அது. அந்த வேலையைச் செய்பவர்கள் பெண்கள்.

பெட்டிப் புத்தகத்தில் இது இல்லை. பாட்டிக்குத் தெரிந்திருக்கிறது. ஆக, முதல் பாடம் ஊருக்கு இல்லை. வந்த பிள்ளைக்குத்தான்.

அடுத்தது மொழி. எத்தியோப்பியாவில் 80-க்கும் மேற்பட்ட மொழிகள் இருக்கின்றன. மன்னர் காலத்தில் பள்ளியில் அம்ஹாரிக் மொழிதான். மேல் வகுப்புக்குப் போனால் ஆங்கிலம். ஆனால் கிராமத்து வீட்டில் ஒரோமோ பேசுவார்கள். வொலாய்த்தா பேசுவார்கள். சிடாமா பேசுவார்கள். மாணவர் பேசுவது ஊருக்குப் புரியவில்லை. ஊர் பேசுவது மாணவருக்குப் புரியவில்லை. நடுவில் பள்ளிக்கூடம் போகும் ஒரு சின்னப் பையன் நின்று மொழி பெயர்க்கிறான். பட்டப்படிப்புப் படிக்கிறவர் ஒரு சிறுவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

தெரியாத மொழியில் எழுத்துக் கற்பது எப்படி இருக்கும்? உங்களுக்கு முதல் பாடத்தை வேற்று மொழியில் நடத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எண்ணிப் பாருங்கள். எழுத்தும் புதிது, சொல்லும் புதிது. இரட்டைச் சுமை. அந்தச் சுமையை அந்த ஊர்க் குழந்தைகள் சுமந்தார்கள்.

காப்பியோடு ஒரு வகுப்பு

பள்ளி முடிந்த பிறகு பெரியவர்களுக்கு மாலை வகுப்பு எடுத்த மாணவர்களும் உண்டு. அங்கே வேறு சங்கடம். நடவு நாளில் ஆள் வராது. அறுவடை நாளில் வராது. சந்தை நாளில் வராது. பெண்கள் எந்த நாளும் வருவது கடினம். தண்ணீர், விறகு, அடுப்பு, பிள்ளை. எல்லாம் முடிய இரவாகிவிடும்.

எந்த நேரம் ஊர் ஓய்ந்திருக்கும்? காப்பி நேரம். அங்கே காப்பி குடிப்பது ஒரு சடங்கு போல நடக்கும். பச்சைக் கொட்டையை வீட்டிலேயே வறுப்பார்கள். உரலில் இடிப்பார்கள். மண் கூஜாவில் கொதிக்க வைப்பார்கள். மூன்று முறை ஊற்றுவார்கள். முதல் சுற்றுக்கு அபோல் என்று பெயர். இரண்டாவது தோனா. மூன்றாவது பரக்கா. பரக்கா என்றால் ஆசீர்வாதம். அக்கம்பக்கத்தார் வந்து உட்காருவார்கள். வழக்கு, வரப்பு, கல்யாணம், கடன் எல்லாம் அங்கேதான் பேசுவார்கள்.

மணி அடித்துக் கூப்பிட்டால் ஊர் வராது. அந்தக் காப்பிக்கு முன்னால் தானும் போய் உட்கார்ந்தால்தான் ஊர் பேசும். அவசரப்பட்டு ஒரு சுற்றோடு எழுந்து போகிறவருக்கு ஊரின் கதை தெரியாது. மூன்று சுற்றும் இருப்பவருக்குத் தெரியும்.

ஊர் என்ன பேசியது? நிலத்தைப் பற்றிப் பேசியது.

தெற்குப் பகுதிகளில் உழுதவர் பலருக்குச் சொந்த நிலம் இல்லை. குத்தகைதான். விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு, பல இடங்களில் பாதி, நிலக்காரருக்குப் போகும். சில இடங்களில் பாதிக்கு மேலும் போகும். அது தவிர, கூலி இல்லாமல் அவர் நிலத்தில் வேலை செய்ய வேண்டும். ஒப்பந்தம் எல்லாம் பெரும்பாலும் வாய்ப்பேச்சு. காகிதம் கிடையாது. 'போ' என்றால் போக வேண்டும். காகிதம் இருந்தாலும் படிக்கத் தெரியாது. ஏமாந்தோமா இல்லையா என்பதுகூடத் தெரியாது.

ஒரு முதியவர் கேட்பதாக வைத்துக்கொள்வோம். "தம்பி, எழுத்துக் கற்றுக் கொடுக்கிறாய். நல்லது. எழுத்துத் தெரிந்தால் என் நெல் என் வீட்டுக்கு வருமா?" அங்கே நெல் இல்லை, தெஃப். கேள்வி அதேதான். அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்வார்? அவர் படித்த புத்தகத்தில் பதில் இல்லை.

பதில் சொல்ல முடியாத அந்தக் கேள்வியோடு மாணவர்கள் தலைநகருக்குத் திரும்பினார்கள். 1965-ல் அடிஸ் அபாபாவில் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். 'உழுபவனுக்கே நிலம்' என்று முழங்கினார்கள். அதன் பிறகு, ஒவ்வொரு வருடமும் வெளியூர் போய் வந்தவர்கள் அந்தக் குரலுக்கு வலுச் சேர்த்தார்கள். அவர்கள் கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைச் சொன்னார்கள்.

அறுபதாயிரம் பேர்

1970-களின் தொடக்கத்தில் நாட்டில் கொடிய பஞ்சம் வந்தது. வொல்லோ என்ற பகுதியில் மக்கள் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். விலைவாசி ஏறியது. படைவீரர்கள் கிளர்ந்தார்கள். 1974 செப்டம்பரில் மன்னரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். இராணுவ அதிகாரிகள் ஆட்சிக்கு வந்தார்கள்.

புதிய ஆட்சி பல்கலைக்கழகத்தை மூடியது. பள்ளியின் மேல் வகுப்புகளையும் மூடியது. 1974 டிசம்பரில் ஒரு பெரிய இயக்கத்தைத் தொடங்கியது. அதன் பெயர் ஸெமெச்சா. படையெடுப்பு என்று பொருள். எதன் மேல் படையெடுப்பு? அறியாமையின் மேல், வறுமையின் மேல், நோயின் மேல். மாணவர்களும் ஆசிரியர்களுமாகச் சுமார் 60,000 பேர் நாடெங்கும் கிராமங்களுக்குப் போனார்கள். எழுத்துக் கற்பிப்பது, கிணறு வெட்டுவது, கழிப்பிடம் கட்டுவது, சுகாதாரம் சொல்வது என்று பல வேலைகள்.

மாணவர்கள் எல்லோரும் நம்பிப் போகவில்லை. 'நம்மை நகரத்திலிருந்து அப்புறப்படுத்தத்தான் இந்த ஏற்பாடு' என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. அந்தச் சந்தேகத்தில் நியாயமும் இருந்தது.

1975 மார்ச் 4-ஆம் தேதி ஒரு சட்டம் வந்தது. கிராம நிலம் இனி நிலக்காரருக்குச் சொந்தம் இல்லை. குத்தகை ஒழிந்தது. ஒரு குடும்பம் 10 ஹெக்டேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. நம் கணக்கில் அது சுமார் 25 ஏக்கர். நிலத்தை விற்க முடியாது. உழுது சாப்பிடலாம். ஊர் தோறும் உழவர் சங்கம் வைத்து நிலத்தைப் பங்கிட வேண்டும்.

இந்தச் சட்டத்தை ஊருக்குப் படித்துக் காட்டியது யார்? அந்த மாணவர்கள்தான். பத்து வருடத்துக்கு முன்பு கேட்ட கேள்விக்கு இப்போது ஒரு பதில் கிடைத்தது. சட்டம் காகிதத்தில் இருந்தது. காகிதத்தைப் படிக்க ஆள் வேண்டும். சங்கத்துக்குத் தலைவர் வேண்டும். கணக்கு எழுத ஆள் வேண்டும். யாருக்கு எவ்வளவு நிலம் என்று பதிய ஆள் வேண்டும். அப்போது எழுத்து ஊருக்கு அவசியம் ஆயிற்று. படிப்பு என்பது அதுவரை நகரத்துப் பிள்ளையின் அலங்காரம். அன்று முதல் அது உழவரின் கருவி.

தவறிய இடங்கள்

எல்லாம் நல்லபடி நடந்தது என்று சொன்னால் அது பொய்.

சில மாணவர்கள் அவசரப்பட்டார்கள். 'நிலத்தைப் பிரிக்காதீர்கள், எல்லோரும் சேர்ந்தே உழுங்கள்' என்று கட்டாயப்படுத்தினார்கள். உழவர்கள் ஆண்டாண்டுக் காலம் ஏங்கியது தங்களுக்கென ஒரு துண்டு நிலத்துக்கு. அது கைக்கு வந்த நாளிலேயே பொதுவில் போடு என்றால் மனம் ஒப்புமா?

சிலர் ஊர் வழக்கத்தை ஏளனம் செய்தார்கள். சாமியை ஏளனம் செய்தார்கள். மூத்தோரை மதிக்கவில்லை. 'உங்களுக்கு ஒன்றும் தெரியாது' என்றார்கள். அப்படிப்பட்ட ஊர்களில் மக்களே அவர்களுக்கு எதிராகத் திரும்பினார்கள். சண்டை வந்தது.

நிலத்தை இழந்தவர்கள் சும்மா இருப்பார்களா? மாணவர்களைத் தாக்கினார்கள். மாணவர்கள் சிலர் கொல்லப்பட்டார்கள். அரசாங்கமும் மாணவர்களைச் சந்தேகித்தது. பலரைச் சிறையில் அடைத்தது. ஆயிரக்கணக்கானோர் இயக்கத்தை விட்டு ஓடினார்கள். 1976-ல் ஸெமெச்சா முடிந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் இராணுவ ஆட்சி படித்த இளைஞர்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. கிராமத்தில் விளக்கேற்றப் போன பிள்ளைகள் பலர் அந்தக் கொடுமையில் மாண்டார்கள். அவர்களைப் பெற்ற தாய்மார்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கதையைச் சொல்லும்போது அவர்கள் தவறையும் சொல்ல வேண்டும். அவர்கள் தியாகத்தையும் சொல்ல வேண்டும். ஒன்றை மறைத்து ஒன்றைச் சொன்னால் கணக்கு நேராகாது.

பதினைந்து மொழியில்

அதே ஆட்சி 1979 ஜூலையில் மறுபடியும் ஓர் எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. இந்த முறை ஒன்று மாறியது. அம்ஹாரிக்கில் மட்டும் பாடம் இல்லை. ஒரோமோ, திக்ரிஞ்ஞா, வொலாய்த்தா, சோமாலி என்று அவரவர் மொழியில் பாடம். போகப் போக 15 மொழிகளில் பாடப் புத்தகம் வந்தது.

பதினைந்து வருடத்துக்கு முன்பு மொழி தெரியாமல் ஒரு சிறுவன் வாயைப் பார்த்து நின்ற மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள். சொந்த மொழியில் கற்பித்தால்தான் எழுத்து மனதில் ஒட்டும். அந்தப் பாடத்தை நாடு கற்க அவ்வளவு காலம் ஆயிற்று.

1980-ல் இந்த இயக்கத்துக்கு யுனெஸ்கோ மூலம் பன்னாட்டுப் பரிசு கிடைத்தது. லட்சக்கணக்கான மக்கள் கையெழுத்துப் போடக் கற்றார்கள். படிக்கக் கற்றார்கள்.

பிறகு? அங்கேதான் இன்னொரு வேதனை. உள்நாட்டுப் போர் தொடர்ந்தது. 1984-ல் மறுபடியும் பெரும் பஞ்சம். வகுப்புகள் நின்றன. கிராமத்தில் படிக்கப் புத்தகம் இல்லை, செய்தித்தாள் இல்லை. கற்றவர்களில் பலர் எழுத்தை மறந்தார்கள். 2007-ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கின்படி, வயது வந்தவர்களில் பாதிப் பேருக்குக்கூட எழுதப் படிக்கத் தெரியவில்லை.

ஏன் இப்படி? அவர்கள் மந்தமானவர்களா? இல்லை. எழுத்து ஒற்றையடிப் பாதை மாதிரி. தினமும் நடந்தால் பாதை. நடக்காமல் விட்டால் புல் மூடிவிடும். பாதை போட ஒரு வருடம் ஆகும். மூடிப்போக ஒரு மழைக்காலம் போதும்.

உங்களிடம் ஒரு கேள்வி

தோழர்களே, எத்தியோப்பியா எங்கோ இருக்கிறது. இருந்தாலும் இந்தக் கதையில் உங்களுக்குத் தெரிந்த முகங்கள் இல்லையா?

உங்கள் தெருவுக்கும் ஒரு பிள்ளை வந்திருப்பார். கல்லூரியில் படிக்கும் தம்பியாக இருக்கலாம். பள்ளிப் படிப்பு முடித்த தங்கையாக இருக்கலாம். விளக்கு, பலகை, புத்தகம் எல்லாம் தூக்கிக்கொண்டு வந்திருப்பார். நீங்கள் களைத்து வந்த நாளில் காத்திருந்திருப்பார். உங்கள் கையைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைத்திருப்பார். அவர் உங்களுக்குக் கொடுத்தது உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் அவருக்கு என்ன கொடுத்தீர்கள்?

ஒன்றும் இல்லை என்று சொல்லாதீர்கள். விதை எந்தப் பட்டத்தில் போட வேண்டும் என்று சொல்லியிருப்பீர்கள். காய்ச்சலுக்கு என்ன கஷாயம் என்று சொல்லியிருப்பீர்கள். கூலி எப்படிக் குறைகிறது, கடன் எப்படி ஏறுகிறது என்று சொல்லியிருப்பீர்கள். வகுப்புக்கு ஏன் வர முடியவில்லை என்று சொன்னீர்களே, அதுவும் அவருக்கு ஒரு பாடம்தான். அவருடைய கல்லூரியில் அதைச் சொல்லித்தர ஆள் இல்லை.

அந்தப் பிள்ளையை மறுபடி பார்த்தால் இதைச் சொல்லுங்கள். கற்ற எழுத்தைப் புல் மூட விடாதீர்கள். தினமும் ஒரு பக்கமாவது படியுங்கள். ரேஷன் அட்டையைப் படியுங்கள். பேருந்தின் பலகையைப் படியுங்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்பு அதைப் படியுங்கள். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டாருக்குப் படித்துக் காட்டுங்கள்.

அப்படிப் படித்துக் காட்டும்போது ஒரு நிமிடம் நிறுத்துங்கள். "அக்கா, உங்களுக்கு இதைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேளுங்கள். மூன்று சுற்றுக் காப்பி முடியும் வரை உட்கார்ந்து கேளுங்கள்.